சத்தம் முந்தி வந்த வண்டி

மழை பெய்தால் ஒரு மணமும் பெய்யாவிட்டால் இன்னொரு மணமுமாகக் கிடக்கிற மேய்ச்சல் காட்டுக்கு நடுவில், சுற்றிலும் கிளுவை வேலி, வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், புல்லுக்குள் மாடு, மாட்டுக்குப் பின்னால் மனுசன் என்று ஒரு ஊர் இருந்ததாம். எப்போது இருந்தது, இப்போதும் இருக்கிறதா என்றெல்லாம் இடையில் கேட்கக் கூடாது, ம் மட்டும் கொட்டினால் போதும். ஊருக்குப் பேர் எருக்கம்பாளையம். செல்போன் டவர் வராத காலம். யாராவது யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து போய்த்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஊரில் சிகாமணி என்று ஒருத்தர். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற வேலை, கூடவே கன்று போட முடியாமல் திணறுகிற மாட்டுக்குக் கை கொடுக்கிற வேலை. பருவத்துக்கு வந்த மாடு காலையில் கத்தினால் அன்றைக்குப் பொழுதோடு ஊசி போட்டுவிட வேண்டும், சாயங்காலப் பொழுதோடு கத்தினால் மறுநாள் வெடியாலே போட்டுவிட வேண்டும், அந்த நேரம் தப்பினால் மாடு மறுபடி கத்துகிறவரை காத்திருக்க வேண்டும், கத்தாமலே போனாலும் போகும். அதனால் சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் எல்லாரும் மழைக்குக் காத்திருக்கிற மாதிரியே சிகாமணியின் வண்டிக்கும் காத்திருந்தார்கள்.

வண்டி ஜப்பான் வண்டி. கப்பலில் வந்தது. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மேனேஜர் ஓட்டி, அவருடைய டிரைவர் ஓட்டி, டிரைவரின் மச்சான் ஓட்டி, ஒவ்வொரு கையாக மலையிறங்கிக் கடைசியில் சிகாமணியின் வாசலில் வந்து நின்றது. பாசிப்பயறு நிறத்தில் டேங்க், ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், கேரியரில் சினை ஊசிச் சரக்கை உறையவைத்த கேன். கேனைத் திறந்தால் வெள்ளைப் புகை வரும், வண்டியை உதைத்தால் நீலப் புகை வரும். ஊர்க் குழந்தைகளுக்கு ரெண்டு புகையும் பிடிக்கும்.

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது, அதற்குப் பேர் பாயிண்ட். இன்ஜின் ஓரத்து மூடியைக் கழற்றினால் உள்ளே குன்றிமணி அளவில் ரெண்டு இரும்புப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருக்கும். விலகுகிற அந்தக் கணத்தில்தான் பிளக்குக்குக் கரண்ட் போகும். தொட்ட இடம் கருகினாலோ, காட்டுப் புழுதி போய் உட்கார்ந்தாலோ, இடைவெளி மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ வண்டி போன இடத்திலேயே நின்றுவிடும். மாடு கத்திக்கொண்டிருக்கும், சிகாமணி நடுக்காட்டில் உட்கார்ந்து பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஊர் முக்கில் சிக்கந்தர் பாயின் ஷெட். பாய்க்குப் பாயிண்ட் என்றால் பேசுகிற பிள்ளை மாதிரி. ரெண்டு பொட்டுக்கும் நடுவில் ஒரு சிகரெட் தாளைக் கொடுத்து இன்ஜினோடு சுற்றுகிற மேக்னட்டைக் கையால் மெல்லச் சுற்றுவார். இறுகப் பிடித்திருக்கிற தாள் எந்த இடத்தில் பிடி விட்டு நழுவுகிறதோ, அதுதான் கரண்ட் போகிற நேரம்.

"பிஸ்டன் உச்சிக்கு வந்த பொறவு நெருப்பு வெச்சா பிரயோசனமில்லீங்க," என்பார் பாய். "வர்றதுக்குச் சித்த முன்னாடியே வெச்சறோணும். நெருப்பு புடிக்கறதுக்கும் ஒரு நேரம் வேணுமில்லீங்களா?"

"முன்னாடின்னா எவ்வளவு முன்னாடிங்க?"

"அதுதானுங்க தொழிலு. பிந்துனா வண்டி சோம்பும். ரொம்ப முந்துனா கிக்கர் திருப்பி அடிக்கும்."

"எங்க தொழிலும் அதேதானுங்க பாய். என்னைய அடிக்கறது கிக்கரில்ல, மாடு. அவ்வளவுதான் வித்தியாசம்," என்பார் சிகாமணி.

ஒரு கோடையில் பாயிண்ட் அடிக்கடி கருகி, அடுத்தடுத்துப் பல மாடுகளுக்கு நேரம் தப்பிப் போகவே, பாய் கோயமுத்தூருக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் துழாவி, அதே ஜாதி ஜப்பான் வண்டி, ஆனால் பின்னால் வந்த மாடல், அதிலிருந்து கழற்றிய எலெக்ட்ரானிக் சாமான்களைக் கொண்டுவந்தார். ஒரு மேக்னட், பாக்கு அளவில் செப்புக்கம்பி சுற்றிய ஒரு காயில், அதைப் பொருத்திய தகடு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு டப்பா, கைக்காவலாக அதே மாதிரி இன்னும் ரெண்டு டப்பா, அதில் ஒன்று ஓடாதது. இதில் எதுவும் எதையும் தொடுவதில்லை. மேக்னட் பக்கத்தில் வந்து போகிறது, காயில் அதைப் பார்த்துக்கொள்கிறது, பார்த்ததை டப்பாவுக்குச் சொல்கிறது, டப்பா அதுவரை அடக்கி வைத்திருந்த கரண்ட்டை ஒரே மூச்சில் விட்டுவிடுகிறது. தேய்வதற்கு ஒன்றுமில்லை, கருகுவதற்கு ஒன்றுமில்லை.

பாய்க்கு ஒப்பவில்லை. ஓடாத டப்பா ஒன்றை உளியால் பிளந்து பார்த்தார். உள்ளே தார் மாதிரி இறுகிப்போன கறுப்பும், அதற்குள் அரிசியும் உளுந்தும் சிந்தின மாதிரி நாலைந்து மணிகளும் கிடந்தன. ஒவ்வொன்றாக நகத்தால் நிமிண்டிப் பார்த்தார்.

"பாயிண்ட்டு வாயத் தொறந்து பேசும் சிகாமணி. இது பேச மாட்டேங்குது."

"மாடு மட்டும் வாயத் தொறந்தா சொல்லுது? பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கறதுதானுங்க. நீங்க மாட்டுங்க."

பாய் மாட்டினார். நேரம் வைக்கிற கட்டம் வந்தபோது, கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ச் சிகரெட் தாளை எடுத்தது. தாளைக் கொடுக்க இடமில்லை. தொடாத ரெண்டு பொருளுக்கு நடுவில் தாளை வைத்து என்ன பிடிபடும்? அதனால் வண்டியை ஓடவிட்டு, காயில் தகட்டை இப்படியும் அப்படியுமாகத் திருகி, சத்தம் எந்த இடத்தில் காதுக்கு இனிப்பாக இருந்ததோ அந்த இடத்தில் நிறுத்தி ஸ்குரூவை முடுக்கினார். பாயிண்ட்டோடே வளர்ந்த காது அது. பேசாத பொருளுக்கும் பேசுகிற பொருளின் கணக்கையே போட்டுவிட்டது. தகடு கொஞ்சம் முந்தி நின்றுவிட்டது.

அன்றைக்குப் பொழுதோடு சிகாமணியின் மனைவி மைனாவதி வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் படலைத் திறந்தாள். யாரும் இல்லை. திறந்த படலைச் சாத்திவிட்டு உள்ளே வந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருக்கும்போது, துளிச் சத்தம் இல்லாமல் வண்டி வாசலில் வந்து நின்றது. சக்கரம் மண்ணில் உருளுகிற சரசரப்பு மட்டும்தான்.

"ஏனுங்க, இப்பத்தான் வந்துட்டு மறுபடி எங்க போயிட்டு வாரீங்க?"

"இப்பத்தானே வாரேன்."

மைனாவதி வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சோறு போடப் போனாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வண்டி எங்கே போனாலும் அதன் சத்தம் அந்த இடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது, வண்டி பின்னால் ஊமையாகப் போனது. ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடை ராக்கியப்பன் அதற்கு ஒரு காரணமும் சொல்லிவிட்டார்.

"ஜப்பான்ல நமக்கு முன்னாடியே விடிஞ்சுருதல்ல? அந்த ஊர்ச் சாமான் எல்லாமே முந்தித்தான் வரும்."

"அப்ப இத்தன நாளா ஏனுங்க முந்தல?" என்றார் டீ குடிக்க வந்த ஒருத்தர்.

"இத்தன நாளா அதுக்குப் பழைய பாயிண்ட்டு இருந்துச்சு. இப்பத்தான ஜப்பான் மூளைய வெச்சிருக்காரு பாய்."

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. ஊமை வண்டிக்கு விலகத் தெரியாமல் கோழிகள் சக்கரத்தில் மாட்டப் பார்த்ததால் சிகாமணி ஹேண்டில்பாரில் ஒரு சைக்கிள் மணியை மாட்டிக்கொண்டார், அதோடு அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. இன்ஜின் சத்தம் இல்லாமல் ஓட்டுகிறவருக்கு வேலிக்குள் கௌதாரி ஓடுவது கேட்டது, காட்டில் களையெடுக்கிற பெண்கள் அவருடைய தொப்பையைப் பற்றிப் பேசுவதும் கேட்டது.

ஓட ஓட, அந்தக் காயில் தகட்டின் ஸ்குரூ அதிர்ந்து அதிர்ந்து தளர, தகடு தூசி கனம் தூசி கனமாக முன்னால் நகர, சத்தமும் நாளுக்கு நாள் இன்னும் முந்தியது. முதலில் கை துடைக்கிற நேரம், அப்புறம் பால் கொதிக்கிற நேரம், அப்புறம் ஒரு ஆள் குளித்துத் தலை துவட்டுகிற நேரம். தோட்டங்களில் சத்தம் கேட்டதும் மாட்டைப் பிடித்துக் கட்டிவைத்து, வெந்நீரும் சோப்பும் எடுத்துவைத்து, டீயும் போட்டுவைத்துவிடுவார்கள். சிகாமணி போய் இறங்கும்போது எல்லாம் தயாராக இருக்கும். "சத்தம் வந்துருச்சா?" என்பதுதான் அந்தப் பக்கத்தில் மணி கேட்கிற விதமாகவே ஆனது. "சத்தத்துக்கு முன்னாடி துணியக் காயப்போட்டுரு", "சத்தத்துக்குப் பொறவு சந்தைக்குப் போலாம்" என்று சொல்லிக்கொண்டார்கள், சிகாமணி என்று ஒருத்தர் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வருவார் என்பதே மறந்த மாதிரி.

தகடு இன்னும் நகர்ந்தது. ஒருநாள் சிகாமணி வெளியே கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, அவர் திரும்பி வருகிற சத்தம் வாசலில் கேட்டுவிட்டது. மைனாவதி சிரித்தாள்.

"போயிட்டு வந்துட்டீங்க. இனிப் போயிட்டு வாங்க."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. திரும்பி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவர் கிளம்ப வேண்டும். மைனாவதி படலருகில் நின்று கேட்பாள், கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வழிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து, மாட்டுக் கொம்புக்கும் மண் ரோட்டுக்கும் லாரிக்கும் நடுவில் போகிற புருசனை நினைத்து ஒவ்வொரு பொழுதும் வயிற்றில் நெருப்போடு இருந்தவள் அவள். இப்போது அந்த நெருப்பு அவிந்து, முகம் கூடப் பூசினாற்போல ஆகிவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிகாமணியின் வண்டியில் ஏற்றி அனுப்ப ஆசைப்பட்டார்கள். பாஸாகுமோ ஆகாதோ, பிள்ளை வீடு வந்து சேரும் என்பது நிச்சயம்.

சிக்கந்தர் பாய்க்கு மட்டும் காது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் டீக்கடையில் சொன்னார்.

"தகடு நகந்து நகந்து எங்கியோ போகுதுங்க. ஒரு நாளைக்குக் கழட்டி நேராக்கி முடுக்கிடறேன்."

"அட, எதுக்குங்க பாய்?" என்றார் ராக்கியப்பன். "நல்லா ஓடறதைக் கெடுக்காதீங்க. ஊரே அதை நம்பி அடுப்புப் பத்த வெக்குது."

"ரொம்ப முந்துனா ஒரு நாளைக்குத் திருப்பி அடிக்குமுங்க."

"இத்தன நாளா அடிச்சுதா?"

பக்கத்துக் கடைக்கு எண்ணெய் வாங்க வந்திருந்த மைனாவதி ஒன்றுதான் சொன்னாள். "அண்ணா, அதுல கை வெக்காதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்." பாய் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சிகாமணியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. போகிற வழியில் ஒரு குளத்தைப் பார்த்தால் முன்பெல்லாம் வண்டியை நிறுத்திக் காலைத் தண்ணீரில் விட்டு உட்காருவார், தெரிந்த முகத்தைக் கண்டால் கதை பேசுவார். இப்போது முடியவில்லை. அவருடைய சத்தம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே டீ ஆறிக்கொண்டிருக்கும், அவர் போய்த்தான் ஆக வேண்டும். தான் செய்யப் போவதை எல்லாரும் கேட்டு முடித்த பிறகு அதைச் செய்கிற மனுசனுக்கு ஒரு அசதி வரும், அந்த அசதி அவருடைய தோளில் இருந்தது.

இப்படி இருக்கையில், ஒருநாள் வெடியாலே அத்திக்காட்டிலிருந்து நஞ்சப்பன் என்பவர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து இறங்கினார்.

"மாராத்தாளக்கா அனுப்புச்சுங்க. மாடு நேத்திருந்து முக்குது. கன்னோட காலு மட்டும் வெளிய தெரியுது, அப்படியே நிக்குது. மாடு படுத்துருச்சுங்க."

மாராத்தாள் புருசன் இல்லாதவள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். சிகாமணி கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். கயிறும் எண்ணெய்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், மைனாவதி வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"சத்தம் வரலீங்க."

"வரும். வழிய விடு."

"வரட்டும், பொறவு போங்க."

நின்றார்கள். வெயில் படலைத் தாண்டி வாசலுக்குள் வந்தது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருத்தராக வந்து அவரவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தம் வரவில்லை. ராக்கியப்பனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"சித்தப் பொறுங்க மாப்ள. இன்னைக்குக் கொஞ்சம் லேட்டா வரும்போல."

"முந்தி வர்ற சத்தம் எங்கீங்க லேட்டா வரும்?" என்றார் நஞ்சப்பன், எரிச்சலோடு. "அங்க மாடு செத்துட்டிருக்குதுங்க."

"அந்த மாட்டுக்கு உசுரு போகுதுன்னு என்ற ஊட்டுக்காரரையும் போகச் சொல்றியா?" என்று மைனாவதி கத்திவிட்டாள். கத்தியது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. அந்த வார்த்தையை அவள் சொல்ல நினைக்கவில்லை, மற்ற எல்லாரும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தது அது.

சிகாமணி மெதுவாகச் சொன்னார். "மைனா. அது சின்ன மாடு. பெரிய ஜாதிக் காளைச் சரக்கு இதுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். பால் கூட வருமேன்னு அந்தம்மா ஆசைப்பட்டுக் கேட்டுச்சு, போட்டுட்டேன். கன்னு பெருத்துப் போயி உள்ள சிக்கி நிக்குது. நான் போட்ட ஊசி. வேற ஆரு போவாங்க?"

"போகவேண்டாம்னு சொல்லல. சத்தம் கேக்கல, அதுதான்."

"நம்ம கலியாணமான புதுசுல எந்தச் சத்தத்தக் கேட்டு என்னை அனுப்புன?"

"அப்பத் தெரியாம இருந்துச்சு," என்றாள். "தெரியாம இருக்கறது வேறங்க. இது வேற."

அவர் கயிற்றைக் கேரியரில் கட்டினார். அவருக்கும் பயம்தான். கட்டின முடிச்சையே அவிழ்த்து மறுபடி கட்டுவதை அவள் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு ஏனோ அவளால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை, கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள். அவர் உதைத்தார். வண்டி ஊமையாகக் கிளம்பி, வேலி முக்குத் திரும்பி, மறைந்தது. நஞ்சப்பன் சைக்கிளில் பின்னாலேயே போனார்.

உச்சி வெயில் வந்தது, போனது. ஊர் டீக்கடைக்கு எதிரில் வேப்பமரத்தடியில் கூடிவிட்டது. ராக்கியப்பன் அடுப்பு மூட்டவில்லை. பெண்கள் மைனாவதியை நடுவில் உட்கார வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், ஒருத்தி தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி தாராபுரத்தில் இருக்கிற நாத்தனாருக்கு ஆள் அனுப்பியாச்சா என்று பக்கத்தில் மெல்லக் கேட்டாள். யாரும் அழவில்லை. ஆனால் அழுவதற்கு வேண்டிய மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"தங்கமான மனுசன்," என்றார் ராக்கியப்பன் பெருமூச்சு விட்டு. "கோவம்னு ஒண்ணு வந்ததே இல்ல. நல்ல கைராசி இருந்துச்சு."

மைனாவதி தலையைத் தூக்கினாள். "இருந்துச்சுங்களா மாமா?"

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

காங்கேயத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்த சிக்கந்தர் பாய் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், விசயத்தைக் கேட்டார், கையிலிருந்த பையை மரத்தடியில் வைத்துவிட்டு மைனாவதிக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்றேன் கேளு. தகட்ட முந்தி வெச்சது நான். காதால வெச்சேன், தப்பா வெச்சேன். ஆனா அது இன்ஜினோட சத்தம். டப்பா கரண்ட் விட்டாத்தான் சத்தம். சத்தம் வரலைன்னா, வண்டி திரும்பி ஓடி வராதுங்கறது மட்டுந்தான் அதுக்கு அர்த்தம்."

"அந்தச் சத்தம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லீங்களே பாய்," என்றார் ராக்கியப்பன்.

"இப்பவும் பொய் சொல்லலீங்க. வண்டியப் பத்தித்தான் அது சொல்லும். நாமதான் மனுசனப் பத்திச் சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டிருந்தோம்."

மைனாவதி அவர் கண்ணையே பார்த்தாள். "வண்டி ஓடாம அவரு வர முடியுங்களா அண்ணா?"

"நடந்து வரலாம். தள்ளிட்டு வரலாம்."

"வராமயும் போகலாம்."

பொய் சொல்லப் பாய்க்கு வாய் வரவில்லை. "போகலாம்மா. எனக்குத் தெரியாது. அந்த டப்பாவுக்கும் தெரியாது."

பொழுது இறங்கியது. பால் கறக்கிற நேரம். தொழுவங்களில் மாடுகள் கத்தத் தொடங்கின. மாடு யாருக்காகவும் காத்திருக்காது, மடி கனத்தால் கத்தும். கோதிக்கொண்டிருந்தவள் கையை எடுத்தாள், "கறந்து ஊத்திட்டு வந்தர்றேன் கண்ணு" என்று எழுந்தாள். ஒருத்தர் எழுந்ததும் இன்னொருத்தர். தலையைச் சொறிந்துகொண்டும், துண்டை உதறிக்கொண்டும், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டும் எல்லாரும் போனார்கள். ராக்கியப்பனும் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டியவர்தான். பாய் தொழுகைக்குப் போனார். வேப்பமரத்தடியில் மைனாவதி ஒருத்திதான் மிச்சம்.

காதுக்குள் ஒன்றுமில்லை, இலை அசைகிற சத்தம்தான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, வீட்டுப் பக்கம் போகாமல், அத்திக்காட்டுப் பக்கம் நடந்தாள்.

ரெண்டு பக்கமும் வேலி உயர்ந்து நடுவில் ஒற்றைத் தடமாகப் போகிற இட்டேரி அது. ஒவ்வொரு திருப்பத்திலும் எதுவோ கிடக்கும் என்று அவள் எட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு திருப்பத்திலும் வேலியும் புழுதியும்தான் கிடந்தன. என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாமல் ஒரு திருப்பத்தைத் திரும்புவது எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. ஒட்டன்சத்திரத்து மைல்கல் தாண்டி, பனைமரம் தாண்டி, மூன்றாவது திருப்பமோ நாலாவதோ, அங்கே சட்டையெல்லாம் காய்ந்த ரத்தமும் சாணியுமாக ஒரு ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

அவள் நின்றாள். அவரும் நின்றார்.

"வண்டி அங்கயே நின்னுருச்சு," என்றார். "கரண்ட் வரல. டப்பா போச்சாட்ட இருக்குது. பாதித் தூரம் நஞ்சப்பந்தான் கூடத் தள்ளுனாரு, அவருக்குப் பால் கறக்கோணுமாம்."

"ரத்தம்?"

"மாட்டுது."

"மாடு?"

"பொழைச்சுருச்சு. கன்னு தங்கல. காளைக்கன்னு, எம்புட்டுப் பெருசு தெரியுமா. நாலு பேரு சேந்து இழுத்தோம்." கையில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சுரண்டினார். "அந்தம்மா என்னைய ஒரு வார்த்தை சொல்லல மைனா. டீ போட்டுக் குடுத்துச்சு."

அவள் பக்கத்தில் வந்து, அவருடைய கன்னத்தில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். பிறகு பின்னால் போய்க் கேரியரில் ரெண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். ரெண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு இடத்தில் அவர், "நீ எதைக் கேட்டு வந்த?" என்றார். "ஒண்ணுங் கேக்கல, சும்மா வந்தேன்," என்றாள் அவள்.

ஊருக்குள் வரும்போது எல்லாரும் தொழுவத்தில் இருந்தார்கள். சிகாமணி வருகிறார் என்பது அன்றைக்கு ஊரில் யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை, வந்த பிறகும் தெரியவில்லை. வண்டி நேராக ஷெட்டுக்குப் போனது. பாய் அவரைக் கண்டதும் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார், அவ்வளவுதான், உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செத்த டப்பாவைக் கழற்றிப் போட்டார், வைத்திருந்த இன்னொன்றை மாட்டினார். பிறகு ஓரத்து மூடியைத் திறந்து விளக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"நகந்த தகட்ட எங்க நிறுத்தட்டும்?" என்றார். சிகாமணி மைனாவதியைப் பார்த்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். எண்ணெயும் அழுக்கும் துடைத்த உலோகத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு மெல்லிய கோடு தெரிந்தது.

"இது என்னங்கண்ணா?"

"அது கம்பெனிக்காரன் போட்ட கோடு. இஞ்சினுக்கு எவ்வளவு முந்தோணுமோ அவ்வளவுதான் அதுல முந்தும். அன்னைக்கு நான் அழுக்கத் தொடைச்சுப் பாக்கல."

"அதுலயே வெச்சிருங்க."

"வெச்சா சத்தம் வண்டியோடதான் வரும் அம்மிணி. முன்னாடி ஒண்ணும் கேக்காது."

"கேக்காட்டிப் போகுது," என்றாள் மைனாவதி. "வாசல்ல நின்னு பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். சிகாமணி கேனைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார், குளித்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

பாய் கோட்டுக்கு நேராகத் தகட்டை நிறுத்தி, இந்தத் தடவை காதைக் கேட்காமல் கண்ணை மட்டும் கேட்டு, ஸ்குரூவை முடுக்கி, மூடியை மாட்டினார். கிக்கரை உதைத்தார். கால் கீழே இறங்கிய பிறகு சத்தம் வந்தது. நீலப் புகையும் கூடவே வந்தது. நிறுத்தினார், சத்தம் அதோடு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்.

பால் ஊற்றிவிட்டு அப்போதுதான் கடைக்குத் திரும்பியிருந்த ராக்கியப்பன், சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக அடுப்பை மூட்டிப் பாலை ஏற்றி, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டில் பாய் மட்டும் வந்தார்.

"பாய், சத்தம் வந்துச்சே! ஆரு வர்றாங்க?"

"ஆரும் வரலீங்க, சிகாமணி அப்பவே வந்து ஊட்டுக்குப் போயாச்சு," என்றார் பாய். "நாந்தான் போறேன்."

சொல்லிக்கொண்டே கடையைத் தாண்டி நடந்து போனார்.